ஏழாயிரம் எழுத்துக் குறிப்பு

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு, நவம்பர் மாதம் ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலிருந்தே தூறல், காற்று இல்லை. குடை பிடிப்பவருக்கு அது வீண் வேலையாகவும், பிடிக்காதவருக்குச் சட்டை நனைவதாகவும் இருந்த அளவான மழை. காலை ஐந்தே முக்கால் மணிக்கு நீரேற்று நிலையத்தின் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே சென்றவருக்கு அன்று ஐம்பத்தொன்பது வயதும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதங்கள். நகரத்தின் கிழக்குப் பகுதிக்கு வேண்டிய குடிநீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தரும் அந்த நிலையத்தில் அவர் பத்தொன்பது ஆண்டுகளாக ஆபரேட்டராகப் பணியாற்றிவந்தார். உடன் பணிபுரிந்தவர்கள் அவரை 'மோட்டாரண்ணன்' என்று அழைத்தனர். என் வீட்டிற்கு நேர் எதிர்க் கதவு அவருடையது. அன்று நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்; ஒரே அமர்வில் அல்ல, பல மாலைகளில், கொஞ்சம் கொஞ்சமாக.

அந்த நிலையத்தில் மூன்று பேருக்கு மூன்று முறைப்பணி. ஒருவர் வெளியேறும்போது மற்றவர் நுழைவார். பணி மாறும் அந்த மூன்று நான்கு நிமிடங்களே ஒரு நாளில் அவர்கள் மனித முகம் பார்க்கும் நேரம்.

"எந்திரிச்சிடுச்சா?" என்று அவர் இரவுப் பணிக்காரரைக் கேட்டார். கேட்டது மேசைமேல் இருந்த கணினியைப் பற்றி.

"அஞ்சு மணிக்கே எழுப்பிவிட்டேண்ணே. இன்னும் கொட்டாவி விட்டுட்டு இருக்கு."

"புரோகிராம் திறந்துச்சா?"

"மணல்கடிகாரம்தான் சுத்துது. அதையே பாத்துப் பாத்து எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. நடுவுல 'போதிய மெமரி இல்லை'ன்னு ஒரு பெட்டி வந்துச்சு. எனக்கும்தான் இல்லைன்னு சொல்லிட்டு மூடிட்டேன்." மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே அவர் தொடர்ந்தார். "இன்னைக்கு அஞ்சாம் தேதிண்ணே."

"தெரியும்."

"பன்னெண்டு மணி வரைக்கும்தான் டைம்."

"அதுவும் தெரியும்."

"அப்ப நான் கெளம்பறேன். நல்லவேளை, என் ஷிப்ட் முடிஞ்சிடுச்சு."

ஐந்தாம் நாளின் சிறப்பு இதுதான். ஒவ்வொரு மணிக்கும் தொட்டியின் நீர்மட்டம், குழாயின் அழுத்தம், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஆகியவற்றைக் கணினியில் பதிவுசெய்ய வேண்டும். மாத முடிவில் அப்பதிவுகளிலிருந்து அந்த மென்பொருளே ஓர் அறிக்கையை உருவாக்கித் தலைமை அலுவலகத்திற்கு அனுப்பும். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் யாரோ எழுதிய மென்பொருள் அது. எழுதியவர் இன்று எங்கிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பழைய இயங்குதளத்தில் மட்டுமே அது ஓடும் என்பதால் அந்தப் பழைய கணினியும் அங்கேயே தங்கிவிட்டது. நான்கு மாதங்களாகக் கணினி மெல்ல மெல்ல மந்தமாகி, கடைசி ஒரு வாரமாக மென்பொருள் திறக்கவே மறுத்துவிட்டது. அக்டோபர் அறிக்கை ஐந்தாம் தேதி நண்பகலுக்குள் வராவிட்டால், மறுநாள் முதல் நிலையத்தை மையக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே இயக்குவதென்றும், மூன்று ஆபரேட்டர்களும் தலைமை அலுவலகத்தில் பணிக்குச் சேர வேண்டுமென்றும் உதவிப் பொறியாளர் எழுத்தில் தெரிவித்திருந்தார்.

மற்ற இருவருக்கும் அது வருத்தம் தரும் செய்தி அன்று. இவருக்கு மட்டும் அந்த அறையை விட்டால் வேறு இடம் இல்லை. பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை. ஒரு மேசை, சக்கரம் ஒன்று உடைந்த நாற்காலி, மூன்று மோட்டார்களையும் பார்ப்பதற்கான கண்ணாடிச் சாளரம். தலைமை அலுவலகக் கூடத்தில் நாற்பது பேர் அமர்ந்திருப்பார்கள். பயிற்சிக்காக இரண்டு மாதங்கள் அங்கே இருந்தபோது, நாற்பது பேருக்கு நடுவில் பேச ஒருவரும் இல்லாமல் உண்பது எப்படிப்பட்டது என்று அவர் கண்டிருந்தார். மோட்டார் அறையில் தனியாக உண்பவனை யாரும் தனியாள் என்று நினைப்பதில்லை. அவன் பணியில் இருக்கிறான், அவ்வளவே.

கணினியைச் சீர்செய்ய அவர் முயலாமல் இல்லை. ஜூலை மாதம் முதல் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு ஒவ்வொரு முயற்சியையும் எழுதிவந்தார். கணினி தொடங்கும்போதே தாமாக ஓடும் வேண்டாத மென்பொருள்களை நிறுத்தினார், பயன் இல்லை. தற்காலிகக் கோப்புகளை அழித்தார், பயன் இல்லை. வன்தட்டில் சிதறிக் கிடந்த கோப்புத் துண்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுக்கவைத்தார். சற்றே பயன், இரண்டு நாள். பெட்டியைத் திறந்து வண்ணத் தூரிகையால் தூசி தட்டினார். உள்ளே காய்ந்த பல்லி ஒன்று கிடந்தது. அதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்தும் ஏற்பாட்டின் அளவைக் கூட்டினார், மந்தம் கூடியது.

கடைசியில் நான்கு ஜிபி நினைவகத்தை வாங்கிப் பொருத்தினார். கணினி மூன்றேகால்தான் காட்டியது. மறுநாள் மாலை அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கடைக்கே போய்விட்டார்.

"மீதி முக்கால் எங்க?" என்று கேட்டார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை, இக்கேள்வியைப் பலமுறை கேட்டவர்போல் இருந்தார். "சார், மெமரி முழுசாத்தான் இருக்கு. உங்க பழைய சிஸ்டத்துக்கு நாலு வரைக்கும்தான் எண்ணவே தெரியும். அந்த நாலுலயும் திரைக்குக் கொஞ்சம், மத்த பாகத்துக்குக் கொஞ்சம்னு நம்பர் ஒதுக்கிடும். மிச்சம் இருக்கறதைத்தான் உங்களுக்குக் காட்டும்."

"அப்ப எட்டு போட்டா?"

"எட்டு போட்டாலும் மூணேகால்தான். வீடு பெருசானாலும் அதுக்குத் தெரிஞ்சது நாலு ரூம்தான் சார்."

அவர் வீட்டில் மூன்று அறைகள். அதில் இரண்டின் கதவுகள் திறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எட்டரை மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கணினிப் பொறியாளர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். மடிக்கணினிப் பைக்கு மேல் நெகிழித் தாள் சுற்றியிருந்தார். தம் தலைக்கு ஒன்றும் சுற்றவில்லை.

"சார், இந்த ஸ்டேஷனைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை சுடுகாட்டுக்குள்ள போயிட்டு வந்துட்டேன். ஒரு போர்டு வெக்கக் கூடாதா?"

"போர்டு இருக்கும்மா. மரம் மறைச்சிருக்கு."

"அப்ப மரத்துமேல இன்னொண்ணு மாட்டுங்க." கணினியைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்தார். "இது இன்னும் உயிரோட இருக்கா? இதை ஆன் பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டு வந்துடலாம் போலிருக்கே. என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

அவர் குறிப்பேட்டைக் கொடுத்தார். பொறியாளர் நின்றபடியே புரட்டத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "பல்லியைக்கூட விடலையா! சார், நான் பண்ண வந்ததையெல்லாம் நீங்களே பண்ணிட்டீங்க. எனக்கு என்னதான் மிச்சம் வெச்சிருக்கீங்க?"

"புரோகிராம் ரெண்டு ஜிபி மெமரியைத் தொட்டதும் ஏன் சாகுதுன்னு எனக்குத் தெரியலம்மா. மூணேகால் இருக்கே. இன்னும் ஒண்ணேகால் சும்மாதானே கெடக்கு?"

பொறியாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை இருந்த கேலி குறைந்து, ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியிடம் பேசும் குரல் வந்தது. பழைய இயங்குதளம் எத்தனை நினைவகம் இருந்தாலும் ஒரு மென்பொருளுக்கு இரண்டு ஜிபிக்கு மேல் இடம் தராது என்று விளக்கினார். தொடக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த இரண்டை மூன்றாக்கலாம். ஆனால், அதை ஏற்றுக்கொள்ளும்படி மென்பொருளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சேர்த்துப் பார்த்தார்கள். கணினி மறுபடியும் எழுந்திருக்கப் பதினான்கு நிமிடங்கள் ஆயின. அந்தப் பதினான்கு நிமிடங்களில் பேசாமல் இருக்கப் பொறியாளரால் முடியவில்லை.

"வீட்ல யார் யாரு சார்?"

"நான்தாம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் இல்ல."

பொறியாளர் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தார். இருவரும் ஆளுக்கு இரண்டு தின்றார்கள். மென்பொருள் திறக்கத் தொடங்கியது, இரண்டு ஜிபியைத் தொட்டது, முன்போலவே இறந்தது. மணி ஒன்பதரை.

"சரி, வேற பக்கமா வருவோம்," என்றார் பொறியாளர். "மேற்கு ஸ்டேஷன்லயும் இதே புரோகிராம்தான் ஓடுது. அதே வருஷம் ஆரம்பிச்சது, அதே மாதிரி கம்ப்யூட்டர். அங்க நூறு எம்பிகூடத் தாண்டல. உங்ககிட்ட மட்டும் அப்படி என்னதான் சார் இருக்கு?"

பதிவுக் கோப்பைத் தம் மடிக்கணினிக்கு நகலெடுத்து, வரி வரியாகப் பார்க்கும் வேறொரு கருவியால் திறந்தார். சற்று நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"'மூன்றாம் மோட்டார் இன்று கோபமாக இருக்கிறது.' இது என்ன சார் குறிப்பு?"

"அன்னைக்கு நிஜமாவே சூடா இருந்துச்சும்மா."

"'காலை ஏழு மணி. அழுத்தம் சரி. இரண்டாம் மோட்டாரின் ஒலி, பேசத் தயங்குபவர் தொண்டையைச் செருமுவது போல உள்ளது.' கவிஞரே, மத்த ரெண்டு பேரும் வெறும் புள்ளி வெச்சிருக்காங்க பாருங்க."

எண்களுக்கு அடுத்து 'குறிப்பு' என்ற பத்தி ஒன்று உண்டு. அது வெற்றாக இருந்தால் மென்பொருள் பதிவை ஏற்காது. ஆகவே, உலகத்தார் எல்லாரும் செய்வதுபோல மற்ற இருவரும் அங்கே ஒரு புள்ளியை வைத்துவந்தனர். இவர் மட்டும் எழுதினார். தொடக்கத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் மூன்று ஆண்டுகள் தலைமை அலுவலகத்தில் இருந்த கண்காணிப்பாளர் ஒருவர் அக்குறிப்புகளைப் படித்து, சிலவற்றுக்கு எதிரே 'கண்டேன்' என்று ஒரு சொல் பதிந்து அனுப்புவார். மாதத்திற்கு இரண்டு மூன்று 'கண்டேன்' வரும். அவர் மாற்றலாகிப் போன பிறகு ஒன்றும் வரவில்லை. இவர் எழுதுவதை நிறுத்தவில்லை. பேசுவதற்கு அதைவிட வசதியான இடம் அவருக்கு வாய்க்கவில்லை.

பத்தே முக்கால் மணிக்குப் பொறியாளர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"புடிச்சிட்டேன். சார், இங்க வாங்க. இந்தப் புரோகிராம் எழுதின மகராசன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? திறக்கும்போது இருக்கறதுலயே பெரிய குறிப்பு எதுன்னு பாக்குது. ஹாஸ்டல்ல ஒருத்தன் ஏழடி உயரம்னு அத்தனை பேருக்கும் ஏழடிக் கட்டில் போட்ட மாதிரி, அந்த நீளத்துக்கு எல்லா வரிக்கும் இடம் ஒதுக்குது. உங்ககிட்ட ஒரு லட்சத்து நாப்பத்தேழாயிரம் வரி இருக்கு. வரிக்குப் பதினாலாயிரம் பைட். பெருக்கிப் பாருங்க."

அவர் மனத்திலேயே பெருக்கினார். "இருநூத்தஞ்சு கோடிக்கு மேல."

"ரெண்டு ஜிபிக்கு ஒரு இழைதான் குறைச்சல். புரோகிராமோட சொந்தச் சுமையையும் சேத்தா தாண்டிடுது. மணிக்கு ஒரு வரி கூடிக் கூடி இந்த வருஷம்தான் கூரையில இடிச்சிருக்கு. ஆனா, காரணம் ஒரே ஒரு குறிப்பு சார். ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து, எழுத்துக்கு ரெண்டு பைட்! அடுத்த பெரிய குறிப்பே முந்நூறுதான். இதை மட்டும் வெட்டினா மிஷின் பறக்கும். தேதி பாக்கறேன், இருங்க."

"ரெண்டாயிரத்து ஆறு, ஜூன் பதினேழு," என்றார் அவர். "காலைல ஒம்போது மணிப் பதிவு."

பொறியாளர் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"வெட்டறதுக்கு முன்னாடி நான் அதைப் படிச்சாகணும் சார். எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன்னு ரிப்போர்ட்ல எழுதணும்."

"படிங்கம்மா," என்று சொல்லிவிட்டு, அவர் மோட்டார் அறைக்குள் சென்றார். பதினொரு மணி அழுத்தத்தைக் குறிக்கும் நேரம் நெருங்கியிருந்தது. அளவுமானியின் முன் நின்றார். உள்ளே ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

அக்குறிப்பின் முதல் வரி: 'காலை 7.55 முதல் 8.40 வரை நான் பணியிடத்தில் இல்லை.' அதன்பின் எழுதியிருந்தவை வேறு. அவருடைய மனைவி வேறோர் ஊரில் வேலை பெற்று, எட்டு வயது மகளுடன் அன்று காலை எட்டேகால் பேருந்தில் புறப்பட்டார். ஓராண்டுக்கு என்றுதான் பேச்சு. ஓராண்டோடு முடியாது என்பது இருவருக்கும் தெரியும். முதல் நாள் இரவு அவர் சொல்லக் கூடாத இரண்டு சொற்களைச் சொல்லியிருந்தார். பெட்டியைத் தூக்கித் தர மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். காலையில் பணிக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், திடீரென எழுந்து, மோட்டாரை ஓடவிட்டே பேருந்து நிலையத்திற்கு ஓடினார். பேருந்து நின்றுகொண்டிருந்தது. மகள் சாளரத்தோரம் அமர்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைத் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதை மட்டும் ஆயிரத்து இருநூறு எழுத்துகளில் எழுதியிருந்தார். திரும்பி வந்தபோது மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து, கீழே நின்ற மிதிவண்டிகள் நனைந்திருந்தன. எல்லாவற்றையும் எழுதி, 'விளக்கம் கேட்டால் தரத் தயாராக இருக்கிறேன்' என்று முடித்திருந்தார்.

விளக்கம் யாரும் கேட்கவில்லை. முதல் வாரம் ஒவ்வொரு தபாலையும் அச்சத்துடன் பிரித்தார். இரண்டாம் மாதத்தில் அச்சம் போய், வேறொன்று வந்தது. கடிதம் வந்தால் நன்றாயிருக்கும் என்று எதிர்பார்க்கத் தொடங்கினார். அந்த எதிர்பார்ப்பும் எப்போது நின்றது என்று அவருக்கு நினைவில்லை. அக்குறிப்பின் அளவு மட்டும், மற்ற இருவர் வெறும் புள்ளி வைத்த வரிகளுக்கும் சேர்த்து, பதின்மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் இடம் பிடித்துக்கொண்டே இருந்தது.

பொறியாளர் மோட்டார் அறைக்கே வந்துவிட்டார். இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சார், முழுசா எடுத்துடறேன். 'பழுதடைந்த பதிவு'ன்னு ரிப்போர்ட்ல எழுதிடறேன். பதிமூணு வருஷம் ஆச்சு, யாரு கேக்கப் போறாங்க?"

"நீங்க எதுக்கும்மா எனக்காகப் பொய் எழுதணும்?"

"எட்டு மாசத்துல ரிட்டையர் ஆகறவரு நீங்க. இது மேல போனா விசாரணைன்னு ஒக்கார வெப்பாங்க. பென்ஷன் நின்னு போச்சுன்னா?"

அவர் பதினொரு மணி அழுத்தத்தைக் குறித்துக்கொண்டார். அப்போது பென்ஷனைப் பற்றி யோசித்ததாகத்தான் என்னிடம் சொன்னார், அதை மறைக்கவில்லை. பிறகு அறைக்குத் திரும்பி, அந்த ஏழாயிரம் எழுத்துகளையும் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தாமே ஒருமுறை படித்தார். இரண்டாம் வரியிலிருந்து முடிவு வரையிலும் இருந்ததைத் தம் கையாலேயே தேர்ந்தெடுத்து நீக்கினார். நகல் எடுத்து வைக்கட்டுமா என்று பொறியாளர் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தார். முதல் வரியைத் தொடவில்லை.

"அதையும் எடுங்க சார்."

"இது நிலையத்தோட பதிவும்மா. மத்ததுதான் என்னோடது."

திருத்திய கோப்பைப் பழைய கணினியில் ஏற்றியதும், மென்பொருள் ஒன்பது நொடிகளில் திறந்தது. விட்டுப்போன நாள்களின் பதிவுகளைக் காகிதத்திலிருந்து பொறியாளர் படிக்க, அவர் விரைவாக உள்ளிட்டார். பன்னிரண்டு மணிக்கு நான்கு நிமிடங்கள் இருக்கும்போது அறிக்கை சென்றது. பொறியாளர் தம் அறிக்கையில் நடந்ததை உள்ளபடியே எழுதி, அவரிடம் கையொப்பம் பெற்றுக்கொண்டார். வாசலில் நின்று, "இனிமே குறிப்பு முந்நூறு எழுத்துக்குள்ள எழுதுங்க சார். மிஷின் தாங்கும்," என்றார். சற்றுத் தயங்கி, "மூணாம் மோட்டார் எப்படி இருக்குன்னு எனக்கும் அப்பப்ப அனுப்புங்க," என்று சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார். அவர் எதுவும் அனுப்பவில்லை. தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்க அவருக்குக் கூச்சம்.

நிலையம் தொடர்ந்து இயங்கியது. பொறியாளரின் அறிக்கை மேசை மேசையாக ஏறி, ஜனவரி மாதத்தில் அவருக்கு ஒரு கடிதமாகத் திரும்பி வந்தது. அரசு முத்திரையுடன் கூடிய அந்த உறையை அவர் எனக்குக் காட்டியபோது, பிரித்த ஓரத்தைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்ததைக் கவனித்தேன். விசாரணை ஒரே நாளில் முடிந்தது. எழுத்து மூலமான கண்டிப்பு ஒன்றுடன் விட்டுவிட்டார்கள். ஜூலையில் முழு ஓய்வூதியத்துடன் அவர் வீடு திரும்பினார். இன்று காலை வேளைகளில் எதிர்க் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே பேச்சுக் குரல் கேட்பதில்லை.

விசாரணை நடந்த அறையில் நீண்ட மேசையின் ஒரு முனையில் அதிகாரி, மறுமுனையில் இவர். அதிகாரி இளையவர், மரியாதை குறையாமல்தான் பேசினார். வருகைப் பதிவேட்டை ஒருமுறையும், பொறியாளரின் அறிக்கையை இருமுறையும் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதிமூணு வருஷமா இதை ஏங்க மறைச்சீங்க?"

"மறைக்கலைங்க ஐயா. அன்னைக்கே எழுதிட்டேன். யாரும் படிக்கல."